எட்டும் ஒன்பதும் இல்லாத காகிதம்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். நாலு நான் பெற்றது, ஒன்று நாத்தனார் விட்டுப்போனது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனதால் எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஆனால் எண்ணில் மட்டும் என்னை யாரும் அசைக்க முடியாது. எங்கள் வீட்டில் வரகும் குதிரைவாலியும் படியால் அளந்து போட்டது நான்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளில் நடந்தது இது. வீட்டுக்காரர் வடக்கே ஒரு பெரிய ஊரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தார். நானும் இரண்டு பிள்ளைகளும் திருச்சுழி போகிற ரோட்டில், கரிசல் காட்டை ஒட்டின வீட்டில், மாமியாரோடு இருந்தோம். வருஷத்துக்கு ஒரு லீவு வருவார். வந்த அன்றைக்கே அவர் போகப்போகிற நாளை நினைத்து எனக்குச் சோறு இறங்காது. வேலை நிரந்தரமானால்தான் குவார்ட்டர்ஸ் தருவார்களாம். குவார்ட்டர்ஸ் தந்தால்தான் எங்களைக் கூட்டிப்போக முடியும்.

ஒரு ஆடி மாசம் வந்தவர், பெட்டியோடு ஒரு சாக்கு மூட்டையும் தூக்கி வந்தார். சாமான் ஏதோ வாங்கி வந்திருக்கிறார் என்று ஆசையாக அவிழ்த்தேன். காகிதம். ஏறக்குறைய ஒரு முழ அகலம், இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஓட்டை, மடிப்பு மடிப்பாக முடிவில்லாமல் வருகிறது. எல்லாம் எண்.

"என்னங்க இது?"

"மிஷினோட மெமரி. உள்ள இருந்ததை அப்படியே அச்சடிச்சது. ஒரு கட்டு மிஷின் நல்லா இருந்தப்ப எடுத்தது. இன்னொரு கட்டு, அது படுத்துக்கிட்ட பெறகு எடுத்தது."

அந்த மிஷினில் எல்லா வேலைக்கும் மேலே ஒரு கங்காணி இருப்பானாம். அவனும் ஒரு புரோகிராம்தான். எந்த வேலைக்கு எவ்வளவு இடம், யார் எப்போது காலி செய்ய வேண்டும் என்று பங்கு வைப்பது அவன். இப்போது அதற்குக் கெர்னல் என்று பெயர் சொல்கிறாள் பேத்தி. அந்தக் கங்காணியின் இடத்திலேயே எவனோ புகுந்து எதையோ மாற்றி எழுதிவிடுகிறான், மிஷின் நின்றுபோகிறது. யார் என்று தெரியவில்லை.

"எழுதுன உடனே நின்னாப் பிடிச்சிரலாம் புள்ள. அவன் எழுதிட்டுப் போயிருதான். எவ்வளவோ நேரம் கழிச்சுத்தான் கங்காணி அந்த எடத்துக்கு வந்து தடுக்கி விழுதான். இதைக் கண்டுபிடிச்சாத்தான் மிஷின் ஓடும். ஓடினாத்தான் எங்க வேலை நெரந்தரம்."

"அப்ப உக்காருங்க, கண்டுபிடிப்போம்" என்றேன். எனக்கு என்ன தெரியும்? குவார்ட்டர்ஸ் தெரியும்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் உள்ரூமில் எதிரெதிரே உட்காருவோம். மேல்காற்று காகிதத்தைத் தூக்கும் என்று சன்னலை அடைத்து, மடிப்பின் மேல் படியையும் அம்மிக் குழவியையும் வைத்துக்கொள்வோம். வேர்த்து ஊற்றும். சின்னவள் தொட்டிலில் கிடப்பாள். கயிற்றைக் கால்விரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே நான் நல்ல கட்டை வாசிப்பேன். அவர் கெட்ட கட்டில் பென்சிலை நகர்த்திக்கொண்டு, நான் சொன்னதைத் திருப்பிச் சொல்வார். திருப்பிச் சொன்னால்தான் கணக்கு. தனியாக வாசித்தால் கண் தனக்குப் பிடித்ததைப் பார்த்துக்கொள்ளும் என்பார்.

முதல் நாளே கேட்டேன். "எட்டையும் ஒன்பதையும் காணோமே?"

"இந்த மிஷினுக்கு ஏழுக்கு மேல எண்ணத் தெரியாது."

"இதுக்கா இம்புட்டுப் படிப்பு? நம்ம ஆடு மேய்க்கிற கெடைக்காரரு நூறு ஆட்டையும் எண்ணுவாரு."

சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது.

இன்னொரு வேடிக்கை. தானியம் அளக்கிறபோது முதல் படியை ஒன்று என்று சொல்லமாட்டோம், லாபம் என்போம். அப்புறம்தான் இரண்டு, மூன்று. அந்தப் பழக்கத்தில் வரியில் ஒன்று வந்தாலே என் வாய் லாபம் என்றுவிடும்.

"ஏ புள்ள, மெமரி வாசிக்கயா, வரகு அளக்கயா?"

"ரெண்டும் நான் அளந்தாச் சரியாத்தான் இருக்கும். நீங்க பென்சிலப் பாருங்க."

பிறகு அவரும் லாபம் என்றே திருப்பிச் சொன்னார். கதவுக்கு வெளியே மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "புருசனும் பொண்டாட்டியும் கதவச் சாத்திக்கிட்டு லாபம், லாபம்னு சொல்லுதாக! யாவாரம் தொடங்கியாச்சாக்கும்! பருத்திக் காட்டுல களை நிக்கு, அதை எவ அளக்க?"

நான் அடுத்த வரியை வாசித்தேன். வருஷம் முழுக்க அவர் வேறு யாரிடமோ பேசுகிறவர். அந்த மத்தியானங்களில் என் வாயிலிருந்து வருகிற ஒவ்வொரு சொல்லுக்கும் காத்திருந்தார். நான் நிறுத்தினால் அவரும் நின்றார். கோளாறு கிடைக்கவேண்டும் என்று கருப்பசாமிக்கு நேர்ந்திருந்தேன். ஆனாலும் இன்றைக்கே கிடைத்துவிடக் கூடாது என்றும் இருக்கும்.

அடுத்த நாள் கோழி அடிக்கலாம் என்று வாங்கிக் கட்டிப்போட்டிருந்த அன்றைக்கு, கெட்ட கட்டில் எழுத்து மங்கல், அவருக்குக் கண் எரிகிறது என்று கட்டுகளை மாற்றிக்கொண்டோம். கெட்ட கட்டு என் கைக்கு வந்தது. ஒரு வரி சைபராகவே ஓடி வந்தது. "சைபர், சைபர், சைபர், லாபம்" என்றேன்.

திருப்பிச் சொல்லக் காணோம். நிமிர்ந்து பார்த்தேன்.

"இன்னொரு தரம் சொல்லு."

"சைபர், சைபர், சைபர், லாபம்."

"அங்க சைபர்தான் இருக்கணும்" என்று எழுந்தார். "டேப்பு சுத்துற புரோகிராம் புள்ள! வேலை முடிஞ்சா ஒண்ணுன்னு குறி போடுறவன் அவன். அவன் எடத்தக் காலி பண்ணச் சொல்லியாச்சு, கங்காணி அங்க குடி வந்தாச்சு. இவன் பழைய நெனப்புல வந்து அதே கதவுல குறி போட்டுட்டுப் போயிருக்கான்."

என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடி இப்போதும் இருக்கிறது. அப்புறம் அந்த ஒரு மடிப்பை மட்டும் கிழித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"லீவு இன்னும் இருக்கே. நாளைக்குக் கோழி..."

"ஆபீஸ்ல உடனே சொல்லணும். நீ பெட்டி கட்டத் தயாரா இரு."

சாயங்கால பஸ்ஸில் அருப்புக்கோட்டை போய், அப்படியே வடக்கே போய்விட்டார். கோழி பிறகும் ரொம்ப நாள் முற்றத்தில் மேய்ந்தது. மிச்சக் காகிதத்தை விரித்து மாமியார் மிளகாய் வற்றல் காயப்போட்டார்.

சொன்னபடி மிஷின் ஓடியது. வேலை நிரந்தரமானது. குவார்ட்டர்ஸில் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டியது. கேட்டதெல்லாம் கிடைத்தது, குறை சொல்லமாட்டேன். வந்து கொஞ்ச நாளில் கேட்டேன். "வாசிக்கிறதுக்குக் காகிதம் இருந்தாக் கொண்டாங்களேன்."

"இப்ப ரெண்டு கட்டையும் மிஷினே ஒத்துப் பாத்துக்கிது புள்ள. உனக்கு எதுக்கு அந்தச் செரமம்?" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

அவர் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. அந்தக் கரிசல் காட்டு வீட்டையும் விற்றாயிற்று. வேறு ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஆடிக் காற்று அடித்தால் மட்டும், மத்தியானத்தில், நான் அந்த உள்ரூமுக்குப் போய்விட்டு வருகிறேன். சன்னல் அடைத்திருக்கிறது. எதிரே பென்சில் நிற்கிறது.

இவ்வளவு நீளமாக நான் எழுதினது இல்லை. பேத்தியைக் கூப்பிடுகிறேன். ஏத்தா, இங்கே வா. இதைப் பிடி, எதிரே உட்காரு. நான் எழுதினதை அப்படியே திருப்பி வாசி. மெதுவாக வாசி, நான் கேட்டுக்கொண்டே வருகிறேன்.