பட்டிமன்றத்தில் வென்ற பாரம்

வாசகர்களே, சாட்சிகளாக அமர்ந்து என் தலைகுனிவைக் கேளுங்கள்.

அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில் எங்கள் தொழிலாளர் கேம்பில் வெள்ளிதோறும் பட்டிமன்றம் நடக்கும். யார் எந்தக் கட்சி பேசுவது என்பதைச் சீட்டுக் குலுக்கியே முடிவு செய்வோம். "மணற்பாதையில் பிக்கப்புக்கு உறுதி தருவது நிறைபாரமே" என்ற கட்சி எனக்கு விழுந்தது. விளம்பரப் படமொன்றை உயர்த்திக் காட்டி, "பாரத்தோடு பனிமலை ஏறும் இவ்வண்டி மணலுக்கா அஞ்சும்?" என்று முழங்கினேன். தீர்ப்பு எனக்கே கிடைத்தது. எதிர்த்துப் பேசிய அறைத்தோழர் ஜாபர் அண்ணனும் கைதட்டினார்.

மறுநாள் சைட்டுக்குப் புறப்படுகையில், என் பேச்சை நானே நம்பி, பிக்கப்பில் சிமெண்டு மூட்டைகளை வழக்கத்தைவிட அதிகமாக ஏற்றினேன். ஜாபர் அண்ணன் சிரித்தபடி என் பக்கத்தில் அமர்ந்தார். மணல் மூடிய ஏற்றத்தில் பின்பாரம் இழுக்க, முன்சக்கரங்கள் பிடிப்பிழந்தன. ஸ்டியரிங் நான் சொன்னதைக் கேட்கவில்லை. பின்னோக்கிச் சரிந்த வண்டி, பள்ளத்தின் விளிம்பிலிருந்த பாறையில் முட்டி நின்றது.

"ஊருல பொறந்த புள்ள மொகத்த நான் இன்னும் பாக்கலடா தம்பி," என்றார் ஜாபர் அண்ணன். "நேத்து என்னமா பேசுன! இப்ப பேசேன்."

நான் இறங்கி, மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினேன்.

அடுத்த வெள்ளியன்று, தலைப்பை அறிவிக்கும் முன்பே மேடையேறி, அவர் முகத்தைப் பார்த்து உரக்கச் சொன்னேன்: "சீட்டில் எனக்கு விழும் கட்சியை இனி இந்த மேடையிலேயே இறக்கி வைத்துவிட்டுத்தான் வண்டியில் ஏறுவேன்."