பெட்டி மாறிப் போட்ட புள்ளடி

கடந்த வருடம் ஆவணி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் நடந்தது இது. அங்கேயுள்ள மண்டபத்தில் பின்னேரம் நான்கு மணிக்கு ஒரு ராப் பாடகரின் நிகழ்ச்சி. அதற்கு முன்னர் அவரைத் தனியாகப் பிடித்து ஒரு வார்த்தை கதைத்துவிட வேண்டும் என்று, இரண்டு மணியிலிருந்து நான் அந்த வாசலை மேலும் கீழுமாகக் கடந்துகொண்டிருந்தேன். உள்ளே போகத் துணிவு வரவில்லை. திரும்பிப் போகவும் கால் வரவில்லை.

நான் கொட்டாஞ்சேனைக்காரன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. இருபத்தைந்து வருடமாக வெள்ளவத்தையில் ஒரு பலகாரக் கடையின் பின்பக்கத்தில் மிக்சர் பொரிக்கிறேன். தமிழ்ப் பத்திரிகையை மெதுவாக என்றாலும் கடைசிப் பக்கம் வரைக்கும் வாசிப்பேன். சிங்களம் நன்றாகக் கதைப்பேன், ஆனால் ஓர் எழுத்துத் தெரியாது. ஆங்கிலமும் அப்படித்தான். கொழும்பில் வங்கிக்குப் போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நீட்டுகிற தாளில் பெரும்பாலும் இந்த இரண்டும்தான் இருக்கும். அப்போது சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கண்ணாடியை வீட்டில விட்டிட்டு வந்திட்டன்" என்று சொல்லிப் பக்கத்தில் நிற்பவரிடம் தாளைக் கொடுப்பேன். எனக்குக் கண்ணாடியே கிடையாது. பையில் ஒரு பேனா மட்டும் எப்போதும் செருகியிருக்கும். அது பார்க்கிறவர்களுக்காக.

இது என் மகளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

அவள் ஆறாம் வகுப்புக்குப் போகிற நேரம், ஆங்கிலத்தில் படிப்பிக்கிற வகுப்புக்குத் தெரிவாகியிருந்தாள். பெற்றோரின் விருப்பத்தைக் கேட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. "நான் பார்த்து நிரப்பித் தாறன்" என்று வாங்கி வைத்துக்கொண்டேன். மறுநாள் வேலைத்தலத்தில் விரித்துப் பார்த்தால் எட்டுப் பத்து வரி ஆங்கிலம், கீழே இரண்டு பெட்டி. கடையில் யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. 'விருப்பமா' என்றுதானே முதலில் கேட்பார்கள் என்று நினைத்து முதற்பெட்டியில் ஒரு புள்ளடி போட்டேன், வாக்குச்சீட்டில் போடுவதைப்போல. கையெழுத்தையும் வைத்தேன்.

மூன்றாம் நாள் பிள்ளை அழுதுகொண்டு வந்தாள். அப்பா வேண்டாம் என்று போட்டிருக்கிறாராம்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கை முனையில் ஒரு போட்டோகொப்பிக் கடை இருந்தது. அங்கே வேலை செய்த தம்பிக்கு அப்போது பத்தொன்பது வயது இருக்கும். வருகிறவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பதும் அவர்தான். வாய் சும்மா இருக்காது. மெஷின் போய் வருகிற சத்தத்துக்கு ஏற்றபடி எதையாவது கடகடவென்று சொல்லிக்கொண்டே இருப்பார். பெயர், விலாசம், பிறந்த திகதியைக்கூட அந்தத் தாளத்தில்தான் கேட்பார். "டேய், சத்தம் போடாம எழுதடா, மெஷினுக்கும் உனக்கும் ஒரே வயர் குடுத்திருக்கிறாங்களா?" என்று வரிசையில் நிற்பவர்கள் ஏசுவார்கள். அவர் சிரிப்பார்.

பள்ளிக்கூடம் எனக்கு அனுப்பிய பிரதியை அவரிடம் காட்டினேன். வாசித்தார். அந்த வாய் நின்றது. "அண்ணே, விருப்பமில்லை எண்ட பெட்டியில போட்டிருக்கிறீங்க" என்றார். பிறகு ஒன்றும் கேட்காமல், தவறுதலாக நடந்துவிட்டது, மாற்றித் தாருங்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதித் தந்தார்.

அந்தக் கடிதத்தோடு பள்ளிக்கூட வாசல் வரைக்கும் போனேன். உள்ளே தகப்பன்மார் சிலர் டை கட்டிக்கொண்டு நின்றார்கள். ஏன் மாறிப் போட்டீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது? திரும்பி வந்துவிட்டேன். வீட்டில் பிள்ளை முகத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தி, "தமிழில படிச்சாக் காணும், இங்கிலிஷ் தேவையில்லை" என்றேன். அன்றிலிருந்து நான் கண்டிப்பான அப்பா. வாசிக்கத் தெரியாத அப்பாவைவிட அது மரியாதை என்று பட்டது.

பத்து வருடம் போய்விட்டது. மகள் இப்போது ஹெவ்லொக் டவுனில் ஒரு காரியாலயத்தில் வேலை செய்கிறாள். வேலை முடிந்து ஆங்கில வகுப்புக்குப் போகிறாள். போட்டோகொப்பிக் கடைத் தம்பி எப்போதோ கடையை விட்டுவிட்டு ராப் பாடத் தொடங்கிவிட்டார். முதலில் எங்கள் பக்கத்துத் தெருவிழா மேடைகள். பத்துப் பேர் கேட்பார்கள், ஐந்து பேர் கூவுவார்கள். பிறகு போனில் ஒவ்வொரு பாட்டாக வரத் தொடங்கியது. பிறகு வெளிநாட்டு மேடைகள். கிராண்ட்பாஸ் பக்கத்துப் பெடியன்கள் அவரைப்போலத் தலைமயிர் வெட்டுகிற அளவுக்கு ஆள் வளர்ந்துவிட்டார். எங்கள் ஒழுங்கைப் பிள்ளை என்று எனக்கும் மனதுக்குள் ஒரு பெருமை.

அந்தப் பாட்டு வரும் வரைக்கும்தான்.

பஸ்ஸில்தான் முதலில் கேட்டேன். பின்னணியில் அதே போட்டோகொப்பி மெஷின் சத்தம்.

'கண்ணாடி வீட்டில தம்பி, நீயே வாசி,
பேனா பொக்கெட்டில, பெட்டி ரெண்டு, எது ராசி.'

கொஞ்சம் தள்ளி, மாறிப் போட்ட ஒரு புள்ளடியில் பிள்ளையின் பாதை மாறிப்போன கதை வந்தது. எனக்குக் காது அடைத்துவிட்டது. இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. நினைவு வந்து பார்த்தால், வெள்ளவத்தையையும் தாண்டிக் கல்கிசை.

அந்தக் கிழமை எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. பேனாவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அலுமாரிக்குள் போட்டேன். ஒரு தாச்சி ஓமப்பொடியைக் கருக்கினேன். முதலாளி எட்டிப் பார்த்து, "என்ன ஐசே, இந்த வயசில காதலா?" என்று கேட்டார். கடையில், பஸ்ஸில், பக்கத்து வீட்டு ஜன்னலில், எங்கும் அந்தப் பாட்டு. வீட்டில் மகளே பாடிக்கொண்டு திரிந்தாள். வெள்ளிக்கிழமை காலை சொன்னாள், "அப்பா, பாட்டில வாறது உண்மையான ஆளாம். நாளைக்கு மேடையில ஆர் எண்டு சொல்லப்போறாராம். நாங்க டிக்கட் எடுத்திட்டம்."

அதனால்தான் சனிக்கிழமை அந்த வாசலில் நடந்துகொண்டிருந்தேன்.

மூன்று மணியாகப் போகிறது. கையில் கடையிலிருந்து எடுத்து வந்த மிக்சர் பார்சல் ஒன்று. வாசலில் நின்ற காவல்காரர் நான் நடப்பதைக் கவனித்துவிட்டு, "அங்கிள், பாஸ் எக்க கோ?" என்று பாஸைக் கேட்டு மறித்தார். பாடகருக்கு மிக்சர் கொண்டு வந்தேன் என்று சிங்களத்தில் சொன்னேன். பார்சலை முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளே விட்டார்.

மேடையில் மைக் சரிபார்த்துக்கொண்டிருந்த தம்பி என்னைக் கண்டதும் குதித்து இறங்கி வந்தார். "அட, மிக்சர் அண்ணே! இன்னும் அதே கடையா?"

மிக்சர் பார்சலை அவர் கையில் வைத்தேன். "தம்பி, என்ட மகள் இண்டைக்கு வாறா" என்றேன்.

"வரட்டுமே! முன் வரிசையில இருத்துவம்."

"இல்ல. அந்தக் கண்ணாடிப் பாட்டு."

அவர் பெரிதாகச் சிரித்தார். "ஐயோ அண்ணே, நீங்க நாலாவது ஆள். கிராண்ட்பாஸில இருந்து ஒரு முதலாளி ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, பேனா எண்டு வாற இடத்தை வெட்டு, இல்லாட்டி உன்ர மைக்கை வெட்டுவன் எண்டிட்டுப் போறார். அந்தக் கடையில நான் எத்தினை பேருக்கு நிரப்பியிருப்பன்! பாதிப் பேர் கண்ணாடியை மறந்தவங்கதான்."

"பேனா போகட்டும் தம்பி. அந்தப் புள்ளடி? அது எனக்கும் உங்களுக்கும் மட்டும்தானே தெரியும்."

அவருடைய சிரிப்பு நின்றது. பத்து வருடத்துக்கு முன் அந்த வாய் நின்றது போலவே. "அண்ணே, உங்கட கதையை நான் இண்டைவரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லேல்ல" என்று என் கையைப் பிடித்து முன் வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே என் வயது மதிக்கத்தக்க ஒரு பெண் புதுச்சேலை கசங்காமல் நிமிர்ந்து உட்கார்ந்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். தம்பியின் அம்மா. ஒழுங்கையில் கண்டிருக்கிறேன், கதைத்ததில்லை.

"அம்மா, இவர் தன்னைப் பற்றிப் பாடினது எண்டு வந்திருக்கிறார்."

"எல்லாருக்கும் என்ட இடத்தில நிக்க ஆசை" என்றார் அந்த அம்மா. "வாங்கண்ணே, இருங்க. மேடையில ஒரு வசனம் சொல்லோணுமாம். காலையில இருந்து பாடமாக்கிறன், நிக்குதில்ல. எழுதித் தரட்டா எண்டு கேக்கிறான் இந்த மடையன். எழுதித் தந்தா வாசிக்கிறது ஆர்?"

மகன் காய்ச்சலில் கிடந்து நெடுநாள் பள்ளிக்கூடம் போகாமல் இருந்த வருடம், அந்த அம்மாவுக்கும் ஒரு தாள் வந்திருக்கிறது. மகன் தொடர்ந்து படிப்பாரா, விலகுகிறாரா என்று இரண்டு பெட்டி. அம்மா மாறிப் போட்டுவிட்டார். தெரிந்த பிறகும் போய்ச் சொல்ல வெட்கம். தன்னைப் பள்ளிக்கூடம்தான் வெட்டிவிட்டது என்று மகன் நினைத்திருந்தாராம். அப்படித்தான் போட்டோகொப்பிக் கடைக்கு வந்திருக்கிறார்.

"போன வருசம்தான் இவனிட்டச் சொன்னனான். ரெண்டு நாள் என்னோட கதைக்கேல்ல. மூண்டாம் நாள் இந்தப் பாட்டோட வந்து நிக்கிறான். கோபத்தைக்கூட ஒழுங்காக் காட்டத் தெரியாது."

"உங்களுக்கு வெட்கமா இல்லையா, இத்தனை பேருக்கு முன்னால?" என்று கேட்டுவிட்டேன்.

"இருக்கு" என்றுவிட்டு மறுபடி வசனத்தை முணுமுணுக்கத் தொடங்கினார்.

உண்மையைச் சொன்னால், வெளியே வரும்போது எனக்கு ஒரு நிம்மதி. தப்பிவிட்டேன். என் பெயர் எங்கேயும் வராது. வேகமாக வாசலுக்கு வந்தால், மகள் சிநேகிதிகளோடு எதிரே வருகிறாள். ஒருத்தி இல்லாத கண்ணாடியைத் தேடுவதுபோல் நடிக்க, மற்றவர்கள் சிரித்தார்கள்.

"அப்பா? நீங்க எப்படி இங்க?"

"மிக்சர் குடுக்க வந்தனான்."

அது பொய்யும் இல்லை. அவள் தலையாட்டிவிட்டு நடந்தாள். ஐந்தாறு அடி போயிருப்பாள். போகட்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் வாய் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டது, தெருவில் நான்கு பேர் திரும்பிப் பார்க்கிற சத்தத்தில். அப்படிக் கூப்பிட்டது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை.

மதிலோரம் நின்று சொன்னேன். எனக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாது, சிங்களமும் தெரியாது. ஆறாம் வகுப்புப் பேப்பரில் பெட்டி மாறிப் போட்டனான். மாற்றுவதற்குக் கடிதமும் இருந்தது. அவள் முகத்தைப் பார்க்காமல் மதிலைப் பார்த்தே சொல்லி முடித்தேன்.

"கடிதம் கையில இருந்ததா?"

"ஓம்."

"கையில வைச்சுக்கொண்டா திரும்பி வந்தீங்க?"

"ஓம்."

உள்ளேயிருந்து சிநேகிதிகள் கூப்பிட்டார்கள். போய்விட்டாள்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. ஒழுங்கையில் கடல் வரைக்கும் நடந்தேன், திரும்பி வந்தேன், மறுபடி நடந்தேன். உள்ளே அந்தப் பாட்டு தொடங்கியபோது மதிலோரம் நின்று கேட்டேன். இடையில் அந்த அம்மாவின் குரல் மைக்கில் வந்தது. பாடமாக்கிய வசனம் மறந்திருக்க வேண்டும். "நான்தான் பிள்ளையள், நான்தான்" என்று மட்டும் சொன்னார். விசிலும் கைதட்டும் அடங்க நேரமெடுத்தது.

ஆறரைக்கு மகள் தனியாக வெளியே வந்தாள். சிநேகிதிகளை அனுப்பிவிட்டாள். என்னைக் கண்டும் நிற்காமல் பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தாள். பின்னாலேயே போனேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தாள்.

"எனக்குச் சரியான கோபம் அப்பா."

"ஓம்."

"கனநாளைக்கு இருக்கும்."

"இருக்கட்டும் பிள்ளை."

கொள்ளுப்பிட்டி தாண்டியதும் முன் இருக்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "நான் என்ன நினைச்சிருந்தன் தெரியுமா? பொம்பிளைப் பிள்ளைதானே, இவளுக்கு ஏன் இதெல்லாம் எண்டு நீங்க நினைச்சிட்டீங்கள் எண்டு. ஆம்பிளையாப் பிறந்திருந்தா விட்டிருப்பீங்கள் எண்டு."

"ஒரு நாளும் அப்பிடி நினைக்கேல்ல."

"இப்பத்தானே தெரியுது" என்றுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. தொட எனக்குப் பயமாக இருந்தது. தொடவில்லை.

அவள் கோபம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. தீர வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. ஆனால் என் வெட்கத்தை நான் பத்திரமாக மூடி வைத்திருந்த அந்தப் பத்து வருடமும், அப்பாவுக்குத் தான் ஒரு பொருட்டில்லை என்று நினைத்தபடியே என் பிள்ளை வளர்ந்திருக்கிறாள் என்பது ஞாபகம் வந்தால், இன்றைக்கும் தாச்சிக்கு முன்னால் நிற்க முடியாமல் அடுப்பைத் தணித்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நடந்துவிட்டுத்தான் வருகிறேன்.