ஞாயிற்றுக்கிழமை மாத்திரைகள்

ஸ்ரீராம்புரத்தில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் அந்த மழைக்காலம் முழுவதும், சோறு கொதிக்கும் மணத்தையும் மீறி, மாத்திரை அட்டையைக் கிழித்ததும் எழும் கசப்பு வாடைதான் நிறைந்திருந்தது. அம்மாவுக்குக் காசநோய். ஆயத்த ஆடை ஆலையில் தைத்துக்கொண்டிருந்த அவள், விஷயம் தெரிந்தால் பக்கத்து மிஷினில் யாரும் உட்காரமாட்டார்கள் என்று பயந்து, தெருவில் அதை "நெஞ்சுச் சளி" என்றே சொல்லிவந்தாள்.

இரண்டே மாதத்தில் இருமல் அடங்கிக் கன்னத்தில் சதை பிடித்தது. ஆனால் மாத்திரை விழுங்கிய நாளெல்லாம் மதியம்வரை குமட்டல், தைக்க முடியாது. ஒரு காலை அவற்றை அவள் சாக்கடையில் போடுவதைப் பார்த்துவிட்டேன்.

"ஒடம்புதான் தேறிடுச்சே, இனி ஞாயித்துக்கெழம மட்டும் போட்டாப் போதும். அப்பாகிட்ட மூச்சு விடாத" என்றாள்.

பத்து வயதில் அம்மாவின் ரகசியம் கையில் கிடைத்தது எனக்குப் பெருமையாக இருந்தது. வாரந்தோறும் வாசலில் நின்று, "மாத்ரெ தகொண்ட்ரா?" என்று கன்னடத்தில் விசாரிக்கும் நர்ஸ் சாவித்திரி அக்காவிடம், அம்மாவை முந்திக்கொண்டு, "தினமும் சாப்டறாங்கக்கா" என்று நானே சொன்னேன்.

மார்கழியில் அம்மா ரத்தமாக இருமினாள். பயந்துபோய் மறுபடி தினமும் மாத்திரை போட ஆரம்பித்தும் காய்ச்சல் இறங்கவில்லை. சளிப் பரிசோதனை முடிவோடு வந்த சாவித்திரி அக்கா, அப்பாவை உட்காரவைத்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

"எல்லாக் கிருமியும் ஒரே மாதிரி இல்லண்ணா. வலு இல்லாதது செத்துப்போச்சு. மருந்தைத் தாங்குற ஒண்ணு ரெண்டு மிஞ்சிச்சு. விட்டுவிட்டுப் போட்டதுல அதுங்கதான் பெருகிடுச்சு. இப்ப உள்ள இருக்கறது பூரா அதுங்க வம்சம். இந்த மாத்திரைக்கு அசையாது."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தலை குனிந்தாள். "நானும் பொய் சொன்னேம்ப்பா" என்றேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சட்டையை மாட்டிக்கொண்டு என்னையும் தம்பியையும் பரிசோதனைக்கு அழைத்துப்போனார். முடிவு தெரியும்வரை, தம்பி இருமும்போதெல்லாம் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த இருமலுக்குக் காத்திருந்தேன். எங்கள் இருவருக்கும் தொற்றவில்லை.

அம்மாவுக்கு வேறு மருந்துகள், மாதக்கணக்கில் தினமும் ஊசி. பிழைத்துக்கொண்டாள். ஆனால் அந்த ஊசி அவள் செவித்திறனை மெல்ல மெல்லப் பறித்துவிட்டது.

இப்போது சந்தாபுராவில் என்னோடு இருக்கிறாள். நாங்கள் குடியிருந்த வீட்டை இடித்து மாடி கட்டிவிட்டார்கள். போன மாதம் எனக்குப் பெண் பிறந்தது. குழந்தையைக் கையில் வாங்கிய அம்மா, அதன் திறந்த வாயையே உற்றுப் பார்த்திருந்துவிட்டு, என்னிடம் கேட்டாள்:

"அழுவுறாளா?"