நில்லாமல் போன மீன்கள்

என் அக்கா திரீனின் வீட்டுக்காரர் சீபே போஸ்ட்மாவைப் பற்றிக் கேட்டால், நல்ல மனிதர் என்றுதான் எங்கள் சபையில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுக் கொஞ்சம் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குக் காரணம் அத்தானுடைய கண். அடுத்தவர் வயலைத் தாண்டிப் போகும்போது அது சும்மா இருக்காது. யார் கொட்டகையில் எத்தனை கட்டு புல் ஏறியிருக்கிறது, யார் மாட்டுக்கு மடி பெருத்திருக்கிறது, யாருடைய பேரப்பிள்ளைகள் ஆலயத்தில் ஒரு வரிசையை நிறைத்து உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லாவற்றையும் எண்ணிவிடும். எண்ணி முடித்ததும் முகம் வாடிவிடும். அதை மறைக்க அவருக்குத் தெரியாது.

சின்ன வயதில் அப்பா அம்மாவோடு ஃபிரீஸ்லாந்திலிருந்து கப்பலேறி, வாஷிங்டன் மாநிலத்தின் இந்த வடமேற்கு மூலைக்கு வந்தவர். வீட்டில் இரண்டாவது பிள்ளை. மேட்டு நிலமும் வீடும் மூத்தவருக்குப் போயின. அத்தானுக்குக் கிடைத்தது ஓடையை ஒட்டிய தாழ்வான நிலம். மழைக்காலத்தில் இரண்டு தடவையாவது முழுகும். அதில் அறுபது பசுக்களை வைத்துப் பிழைத்தார். பிழைத்தார் என்றாலும், மேட்டைப் பார்க்கும் பழக்கம் அப்போதே வந்துவிட்டது.

ஓடை மேலே ஓர்வில் கூய்மனின் தோட்டத்தில் ஊற்றெடுத்து, அத்தான் நிலத்தின் வழியாக ஆற்றுக்குப் போகிறது. இரண்டு நிலத்துக்கும் நடுவே ஒரு வண்டிப்பாதை. பாதைக்கு அடியில் தண்ணீர் போக அந்தக் காலத்தில் ஒரு ஒடுக்கமான குழாய் போட்டிருந்தார்கள். அதன் வாய் ஓடைக்கு மேலே இடுப்பு உயரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு இலையுதிர் காலத்தில் முட்டையிட ஆற்றிலிருந்து மேலேறி வந்த ஒற்றை சால்மன் மீன் அதற்குள் ஏறப் பார்த்துக் குதித்துக் குதித்து விழுந்தது. அத்தான் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். அது செத்துப் போனதும் வீட்டுக்கு வந்து, "நூத்திப் பதினோரு தடவை, திரீன்," என்றார். சாப்பிடவில்லை.

அடுத்த வருஷமே மீன் மீட்பு ஆட்களைக் கூட்டிவந்து, பழைய குழாயைப் பிடுங்கிவிட்டு, ஓடையின் அகலத்துக்குப் புதியது போட வைத்தார். மாடுகள் தண்ணீரில் இறங்காதபடி வேலி அடித்தார். இரண்டு கரையிலும் நல்ல புல் விளையும் நிலத்தை முப்பது முப்பது அடி விட்டுக்கொடுத்து வில்லோ, ஆல்டர், சீடர் மரக்கன்றுகளை நட்டார். கன்றுகளை மான் தின்றது. எலி கடித்தது. ஆளுயர முரட்டுப் புல் அமுக்கியது. கோடை தோறும் மண்டி போட்டு ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் அந்தப் புல்லைக் கையால் பிடுங்கினார். "சீபே மீனுக்கு நிலம் எழுதி வச்சுட்டான்," என்று ஊரே சிரித்தது. ஒன்பது வருஷத்தில் ஓடைக்கு மேலே கூரை போட்ட மாதிரி நிழல் விழுந்தது.

புதிய குழாய் போட்ட சில வருஷத்திலேயே மீனும் வந்தது. வந்து, அத்தான் நிலத்தில் ஒரு நாள்கூட நிற்காமல், நேரே ஓர்வில் தோட்டத்துக்குப் போனது.

ஓர்வில் ஒன்றும் செய்யவில்லை. மாடுகளை விற்றுவிட்டு ராஸ்பெரிப் பழச்செடி போட்டிருந்தான். ஊற்றுத் தண்ணீரும் கூழாங்கல் தரையும் அவனுக்குக் கர்த்தர் கொடுத்தது. தாய்மீன் முட்டையிடக் கூழாங்கல்லில்தான் பள்ளம் பறிக்கும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் நேராகக் கரையிலுள்ள கிளையில் லியோனா ஒரு ரோஜா நிற ரிப்பன் கட்டுவாள். அவள் ஆற்றோரப் பழங்குடிப் பெண், மீன் கணக்கெடுப்பது அவள் வேலை. வருஷா வருஷம் ஓர்வில் பக்கம் ரிப்பன்கள் ஆடும். அத்தான் பக்கம் இலைதான் ஆடும்.

"எங்கிட்ட ஒண்ணுகூட இல்லையாம்மா? நல்லாப் பார்த்தியா?" என்று அத்தான் வேலியோரம் நின்று கேட்பார்.

"உங்க பக்கம் அடியில சேறு, சீபே ஐயா. முட்டை மூச்சுத் திணறிச் செத்துரும். ஆனா குஞ்சு பொரிச்சா, ஒரு வருஷம் உங்க நிழல்லதானே வளருது?"

"பிள்ளை பெக்கிறது அங்க, ஆயா வேலை எனக்கா?"

ஓர்வில் வேறு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டான். ஆராதனை முடிந்து காபி குடிக்கிற இடத்தில், "சீபே அண்ணே, ரோடு போட்டது நீங்க, விருந்தாளி வர்றது எங்க வீட்டுக்கு!" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். அத்தானும் சிரிப்பார். வீட்டுக்கு வரும் வழியில் காரில் பேசமாட்டார்.

பத்தாவது வருஷம் நவம்பரில் மூன்று நாள் விடாமல் மழை. சனிக்கிழமை இரவு நின்றது. எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை பால் கறக்கலாம், மாட்டுக்குத் தீவனம் போடலாம். வேறு வேலை எதுவும் கூடாது. காலை ஆராதனை முடிந்து, அக்கா வீட்டில் சூப் குடிக்கப் போயிருந்தேன். அத்தானைக் காணோம். கூப்பிட்டு வரலாம் என்று ஓடைப் பக்கம் போனேன்.

வண்டிப்பாதையில், கோட்டும் டையுமாக, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

"இங்க வா, இங்க வா. சத்தம் போடாத. எண்ணு."

கீழே குழாய்க்கு இந்தப் பக்கத்து மடுவில் சிவந்த முதுகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நின்றன. எண்ண முடியவில்லை.

"இருபத்தாறு," என்றார். "எல்லாம் நம்ம பக்கம்."

"ஏன் அத்தான், மேல போகலையா?"

அவர் அந்தப் பக்கம் தலையை மட்டும் ஆட்டினார். வெள்ளத்தில் ஒரு ஆல்டர் மரம் சாய்ந்து குழாயின் மேல்வாயில் குறுக்கே விழுந்திருந்தது. அதில் சோளத்தட்டையும் கிளையும் வந்து அடைத்து, பாய் முடைந்த மாதிரி இறுகிக் கிடந்தது. தண்ணீர் கசிந்துதான் வந்தது.

"இதை எடுத்து விடணுமே?"

"இன்னிக்கு என்ன கிழமை?"

"ஞாயிறு."

"அப்புறம்? கர்த்தருடைய நாள்ல வேலை செய்யச் சொல்றியா? நாளைக்கு எடுக்கிறேன்."

"நாளைக்குக் காலையிலயா?"

அவர் மடுவைப் பார்த்தார். ஒரு மீன் வாலால் தரையை அடித்தது. சேறு கலங்கி எழுந்தது. "காலையில லியோனா வர்றா," என்றார் மெதுவாக. "அவ வந்து பார்த்துட்டுப் போகட்டும்."

எனக்குப் புரிந்துவிட்டது. இன்னொரு தாய்மீனும் பக்கவாட்டில் சாய்ந்து சேற்றைப் பறிக்க ஆரம்பித்திருந்தது. வேறு வழியில்லாவிட்டால் அவை இங்கேயே முட்டையிடும். ரிப்பன் இங்கே ஏறும். முட்டை ஒன்றும் பொரியாது. இது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். சூப் ஆறிப்போகும் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அத்தான் வந்து உட்கார்ந்தார். ஜெபம் பண்ணவேண்டியவர் அவர்தான். தலையைக் குனிந்தார். வார்த்தை வரவில்லை. அக்கா ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். "ஏங்க, என்னாச்சு?" என்றாள். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். கொட்டகையில் சாணி அள்ளும் இரும்பு முள்கரண்டியை எடுக்கிற சத்தம் கேட்டது.

பிற்பகல் ஆராதனைக்கு நானும் அக்காவும் மட்டும் போனோம். பிரசங்கம் தொடங்கி, எங்கள் வழக்கப்படி பெப்பர்மிண்ட் மிட்டாய் வரிசையில் கைமாறி வந்துகொண்டிருந்தபோது அத்தான் உள்ளே வந்தார். டை அப்படியே இருந்தது. இடுப்புக்குக் கீழே சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். கையில் கீறல். முன்வரிசையிலிருந்து சபை மூப்பர் வைபே திரும்பிப் பார்த்தார். அத்தான் ஒரு மிட்டாயை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பெஞ்சிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் ஆமென் வரைக்கும் கேட்டது.

மறுநாள் லியோனா ஓர்வில் பக்கம் ஒன்பது ரிப்பன் கட்டினாள். அத்தான் பக்கம் ஒன்றுமில்லை.

அடுத்த ஞாயிறு காபி ஊற்றிக்கொண்டிருந்தது நான்தான். ஓர்வில் கோப்பையை நீட்டியபடி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். "ஒன்பது! ஊற்று சுத்தமா இருக்கணும், அதுதான் ரகசியம். நான் ஒரு மருந்துகூடத் தெளிக்கிறதில்ல, தெரியுமா?"

அத்தானால் தாங்க முடியவில்லை. "ரகசியமாம் ரகசியம்! போன ஞாயித்துக்கிழமை நான் இடுப்பளவு தண்ணியில நின்னு அந்தக் குப்பையை இழுத்துப் போடலைன்னா உனக்கு ஒரு மீன்கூட வந்திருக்காது, ஓர்வில்!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது.

மூப்பர் வைபே கோப்பையைக் கீழே வைத்தார். அவரும் மாடு வைத்திருப்பவர். "கன்னு போட முடியாம மாடு கிடந்தா ஞாயித்துக்கிழமைன்னு கை குடுக்காம இருக்கோமா? அந்த மாதிரிதான். விடு, சீபே."

எல்லோரும் மூச்சு விட்டார்கள். ஒருவர் அத்தான் தோளைத் தட்டக்கூடச் செய்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். பெயரும் கிடைத்திருக்கும். மன்னிப்பும் கிடைத்திருக்கும்.

"அது இல்ல மூப்பரே," என்றார் அத்தான். காது சிவந்துபோயிருந்தது. "இறங்கினது பாவம்னு எனக்குத் தோணல. அதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் நின்னேன். அதுங்க சேத்துல பறிக்கிறதைப் பார்த்துக்கிட்டே நின்னேன். இன்னிக்கு ஓய்வுநாள், எடுக்கக் கூடாதுன்னு சொல்லிக்கிட்டேன். அது பொய். எனக்கு ஒரே ஒரு ரிப்பன் வேணும், அவ்வளவுதான். கர்த்தருடைய நாளுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன்."

ஓர்வில்தான் மெல்ல, "ஒரு ரிப்பன்ல என்ன அண்ணே இருக்கு..." என்று தொடங்கினான்.

"உனக்கென்னடா, உங்கிட்ட ஒன்பது இருக்கு!"

ஓர்வில் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தான். பிறகு, "ஒன்பது வருஷம் நீங்க புல்லு பிடுங்கினதை நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன் அண்ணே. ஒரு நாளாவது வந்து கை குடுத்திருக்கணும்," என்றான். அத்தான் அதைக் கேட்டாரா என்று தெரியவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கேயே, காபிப் பாத்திரங்களுக்கு நடுவில், வைபே அவர் தோளில் கை வைத்து ஜெபித்தார். இந்தச் சகோதரனுடைய மனதிலிருந்து பொறாமையை எடுத்துப் போடும் ஆண்டவரே என்று நேராகவே கேட்டார். அத்தானும் சத்தமாக ஆமென் சொன்னார். கண் கலங்கியிருந்தது.

அன்று சூப்புக்கு வைபேயும் வந்தார். சாப்பிட்டபின் ஓடையைப் பார்க்கவேண்டும் என்றார். நானும் கூடப் போனேன். மீன் வரும் காலம் ஏறக்குறைய முடிந்திருந்தது. மடுவில் ஒன்றுமில்லை. திரும்பலாம் என்றபோது, கடைசியாக ஒரு கிழட்டு ஆண்மீன், முதுகுத்தோல் உரிந்து வெள்ளை வெள்ளையாக, கீழிருந்து வந்தது. வில்லோ நிழலில் கொஞ்ச நேரம் நின்றது. அத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அது வாலை ஒரு அசை அசைத்து, குழாய்க்குள் நுழைந்து, மேலே போய்விட்டது.

"போ, போ," என்றார் அத்தான். "எங்க போறேன்னு எனக்குத் தெரியாதா?"

வைபே சிரிப்பை அடக்கிக்கொண்டார். மூவரும் வீட்டைப் பார்த்து நடந்தோம். வேலிக் கதவைத் திறந்து பிடித்தபடி அத்தான் கேட்டார்:

"மூப்பரே, காலையில ஜெபம் பண்ணினோமே, அது வேலை செய்ய எத்தனை நாள் பிடிக்கும்?"