எட்டு மில்லிமீட்டர் நாசில்

மெக்கானிக் தீர்ப்பே சொல்லிவிட்டார்: “கம்ப்ரசர் போச்சும்மா. புதுசு வாங்கிடுங்க.”

போன புதன்கிழமை, புத்தூரில் என் மச்சினி கலாவதியின் ஷெட்டில் நின்றுகொண்டிருந்தேன். இரும்பில் பிடித்த துருவை உரித்துக் கொடுப்பது அவள் தொழில். கரகரப்பான தூளைக் கம்ப்ரசர் அழுத்தித் தரும் காற்றோடு சேர்த்து, ஹோஸ் வழியாக அதிவேகத்தில் பீய்ச்சியடிப்பார்கள். பெயர் பிளாஸ்டிங். (வெடி வைக்கிற சமாச்சாரம் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.)

ஸ்ரீ சிட்டி தொழிற்சாலை ஒன்றுக்கு நாற்பது பைப்புகள் வெள்ளிக்கிழமைக்குள் போயாக வேண்டும். தவறினால் ஆர்டர் வேறு ஆளுக்கு. மெஷினோ தூளை அடிக்கவில்லை... பவுடர் போடுவதுபோல் தூவிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் போனதும், ஹோஸின் முனையிலிருந்த நாசிலைக் கலாவதி கழற்றினாள். அதன் ஓட்டை எட்டு மில்லிமீட்டர் இருக்க வேண்டுமாம். பன்னிரண்டு மில்லிமீட்டர் டிரில் பிட்டை விட்டுப் பார்த்தாள். தாராளமாக உள்ளே போனது.

“கம்ப்ரசர் நல்லாத்தான் கீது மாமா. அடிச்சி அடிச்சி ஓட்டை பெருசாயிடுச்சி. பிரஷர் எப்டி நிக்கும்?”

பழைய நாசில், ஹோஸில் ஒரு துண்டு... இரண்டையும் பையில் போட்டுக்கொண்டாள். என் வண்டியில் திருப்பதிக்குப் போனோம்.

மூன்றாவது கடையில் எட்டு மில்லிமீட்டர் நாசில் கிடைத்தது. ஆனால் அதைத் திருகி மாட்டும் மரை பழையதோடு பொருந்தவில்லை. கேட்டது அவள், கடைக்காரர் தெலுங்கு கலந்து பதில் சொன்னது என்னிடம். “டேப் சுத்தி டைட் பண்ணா சரிபோதுந்தி சார்.”

“அவர் டிரைவருங்க, எங்கிட்ட சொல்லுங்க” என்றாள் கலாவதி. “டேப்பு பிச்சிக்கினு நாசில் தெறிச்சா, ஹோஸைப் புடிச்சிக்கினு நிக்கிற ஆளு கதி என்னா?”

கடைக்காரர் நாசிலைத் திரும்ப வாங்கிக் கொள்ளக் கை நீட்டினார். வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதானா?

அவள் நாசிலைக் கொடுக்காமல் அதன் மரையைத் திருப்பிப் பார்த்தாள். “நாசில் இதே இருக்கட்டும். இந்த மரைக்கு ஜோடியா ஹோல்டர் வெச்சிருக்கீங்களா?”

நாசிலையும் ஹோஸையும் இணைக்கும் பாகம் அது. அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒன்று வந்தது. நாசிலைத் திருகினாள், கச்சிதம். கொண்டுவந்த ஹோஸ் துண்டை மறுபக்கம் செருகினாள், அதுவும் கச்சிதம்.

“மேடம், மீரு மெக்கானிக்கா?”

“இல்லிங்க. ஓனர்.”

சாயங்காலமே மெஷின் சீறியது. துரு உரிந்து, அடியிலிருந்து சாம்பல் வெள்ளையில் இரும்பு எட்டிப் பார்த்தது. வெள்ளிக்கிழமை மதியம் நாற்பது பைப்புகளும் லாரி ஏறின. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அடுத்த ஆர்டர் எண்பது!

ஏதாவது கெட்டுப்போனால் நாம் ஏன் முதலில் பெரிய பாகத்தையே சந்தேகப்படுகிறோம்? கைக்குள் அடங்குகிற பாகத்தை யாராவது ஒருத்தராவது கழற்றிப் பார்க்க வேண்டாமா?

அன்று லாரி போனதும் கலாவதி என் பக்கம் திரும்பினாள். “மெக்கானிக்குக்கு போன் போட்டு, புது கம்ப்ரசர் வோணாம்னு சொல்லிடுங்க மாமா. நான் சொன்னா சங்கடப்படுவாரு.”

சொன்னேன். ‘வேண்டாம்’ என்ற சொல் இவ்வளவு இனிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.