திருப்பித் தந்த தவிடு

அடுப்படிச் சுவரில் ஒரு முறம் தொங்குகிறது. அதற்கு நேர் கீழே ஒரு தூக்குச்சட்டியில் தவிடு இருக்கிறது. என்னிடம் மாடும் இல்லை, கோழியும் இல்லை. ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் இப்போது யாருமே மாடு வளர்ப்பதில்லை. ஆனாலும் வைத்திருக்கிறேன். என் தங்கச்சி கொண்டுவந்து தந்த தவிடு அது.

தங்கச்சியை வில்லிபுத்தூரில் மடவார் வளாகத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவளுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவதாகப் பெண் பிறந்ததும், பச்சைப்பிள்ளையை இந்த முறத்தில் கிடத்தி வாசலில் நின்று என்னிடம் நீட்டினாள். நான் ஒரு படி தவிடு கொடுத்து வாங்கிக்கொண்டேன். பெற்றவளுக்குச் சொந்தமில்லை என்று ஆகிவிட்டால் சாவு அந்தப் பிள்ளையைத் தேடி வராது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வாங்கினவள் அப்போதே வளர்க்கச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவாள், பேச்சுக்குத்தான் விற்பது. எனக்குப் பிள்ளை இல்லை. பால் மறந்ததும் அது என்னிடமே வந்துவிட்டது. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததாக நினைவில்லை. என்னை அம்மா என்றது, அவளைச் சித்தி என்றது.

பிள்ளையை விற்ற வார்த்தையைத் தங்கச்சி காப்பாற்றினாள். ஒரு தடவைகூட ‘எம் மக’ என்று அவள் வாயிலிருந்து வந்ததில்லை. பிள்ளைக்கு அம்மை போட்டிருந்தபோது பஸ் ஏறி வந்து, வாசற்படிக்கு வெளியிலேயே நின்று, “அக்கா, ஒம் புள்ளைக்கு இப்ப எப்படி இருக்கு?” என்றுதான் கேட்டாள். வேப்பிலையைத் தந்துவிட்டுப் போய்விட்டாள். உள்ளே வா என்று கூப்பிட எனக்கும் தோன்றவில்லை.

பிள்ளை படித்தாள். மேலே படிக்க இத்தாலியில் இடம் கிடைத்தது. விசாவுக்கு மதுரையில் ஒரு கன்சல்டன்சிக்குப் போனோம். நூல் மில்லில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்துக்கான பாங்குப் பேப்பரையும் வீட்டுப் பத்திரத்தையும் மஞ்சப் பையில் வைத்து மடியிலேயே வைத்திருந்தேன். நான் ஐந்தாம் வகுப்புதான். அந்த மாதிரி இடங்களில் எனக்குப் பேச வராது. அங்கிருந்த அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பிள்ளையோட செலவுக்கு நாங்க பொறுப்புன்னு பெத்த அப்பா அம்மாதான் எழுதித் தரணும். பர்த் சர்டிபிகேட்ல நீங்க பெரியம்மா முறைதான வருது? உங்க பணத்தைக் காட்ட முடியாதும்மா. சட்டப்படி தத்து எடுத்த பேப்பர் இருக்கா?” முறத்தில் வாங்கினேன் என்று அந்த இடத்தில் சொல்ல முடியவில்லை. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

தங்கச்சி மாப்பிள்ளை பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். கேட்டதும் சிரித்தார். “இத்தன வருசம் கழிச்சு இத்தாலிக்காரன் சொல்லித்தான் நான் அப்பன்னு ஊருக்குத் தெரியணும் போல, மதினி.” தங்கச்சி சிரிக்கவில்லை. “‘எம் மக’ன்னு நானும் எழுதணுமா? எழுத்துன்னா பேச்சு மாதிரி இல்லையேக்கா” என்றாள். அதற்கு மேல் பிடிகொடுக்கவில்லை. விசா ஆபீஸில் கொடுத்த தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. பெற்றவர்கள் எழுதித் தரும் அந்தப் பத்திரம் இல்லாமல் போனால் படிப்பு இல்லை. பிள்ளை இதையெல்லாம் என்னிடம் கேட்கவில்லை. காதில் ஒயரை மாட்டிக்கொண்டு இத்தாலிப் பேச்சுப் படித்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் தங்கச்சி தனியாக வந்தாள். கையில் ஒரு கேரி பேக்.

“அக்கா, இந்தா வாங்கிக்க.”

“என்னட்டி இது?”

“தவிடு. நீ அன்னைக்குக் குடுத்த அளவுதான். இத வாங்கிட்டுப் புள்ளயத் திருப்பித் தா. பொறவு ‘எம் மக’ன்னு எழுதுதேன். அப்ப அது பொய்யில்லல்லா.”

“பயமா இருக்கா?”

“இருக்கு. இம்புட்டு நாளா வாயக் கட்டி வச்சிருந்தேன். இனிமே எது வந்து கேட்டாலும் எங்கிட்டக் கேக்கட்டும், அவள விட்டுரட்டும்.”

வளர்ந்த பிள்ளையை முறத்தில் கிடத்த முடியாது. விசாவுக்கு எடுத்த போட்டோ மேசைமேல் இருந்தது. இரண்டு காதும் தெரியும்படி முடியை ஒதுக்கி, சிரிக்காமல் எடுத்தது. அதில் ஒன்றை முறத்தில் வைத்து நீட்டினேன். தங்கச்சி இரண்டு கையாலும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். தவிட்டை நான் தூக்குச்சட்டியில் கொட்டினேன். பிறகு இரண்டு பேரும் காப்பி குடித்தோம். எனக்கு அப்போது அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

வில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே ஒரு வக்கீலிடம் பத்திரம் எழுதினார்கள். நான் வேப்பமரத்தடியில் நின்றேன். ‘எங்கள் மகள்’ என்று வக்கீல் வாசித்தது அங்கே வரைக்கும் கேட்டது. விசா வந்தது. பிள்ளை போனாள்.

அவள் போன ஒரு வருடத்துக்குள்ளேயே தங்கச்சி நெஞ்சுவலியில் போய்விட்டாள். சாவு வீட்டில் துட்டி கேட்க வந்த ஒரு கிழவி, “எம் மகள்னு வாயத் தொறந்தா, சாவு அவளயே வாங்கிட்டுப் போயிருச்சு” என்றாள்.  அது உண்மையா பொய்யா என்று நான் இன்றுவரை யோசிக்கவில்லை. யோசிக்கப் போனால் உள்ளே ஏதோ மரத்துப்போய் நின்றுவிடுகிறது.

பிள்ளை கருமாதிக்குத்தான் வந்து சேர்ந்தாள். “அங்க இருக்கிற பேப்பர்ல அம்மான்னு சித்தி பேர்தானம்மா இருக்கு. அதான் கேட்டதும் லீவு குடுத்துட்டாங்க” என்றாள். சரிதான் என்றேன். நான் செத்துப்போனால் அங்கே என்ன சொல்லி லீவு கேட்பாள் என்று அப்போது மனதில் ஓடியது. வருத்தமாகக்கூட இல்லை. நாளைக்குத் தண்ணீர் வராது என்று யாரோ சொன்னதுபோல் இருந்தது.

கிளம்பும் அன்று அடுப்படிக்கு வந்தவள் தூக்குச்சட்டியைத் திறந்துவிட்டாள். “எம்மா, என்னத்துக்கு இது? வண்டு விழுந்து கிடக்கு. கொட்டிரவா?”

“கிடக்கட்டும்” என்றேன்.

“மாடு கீடு வாங்கப் போறியா?” என்று சிரித்துக்கொண்டே மூடினாள். பிறகு கார் வந்துவிட்டது.

இன்று காலை அந்தத் தவிட்டை முறத்தில் பரப்பி, வெயிலில் வைத்து, வண்டு பொறுக்கினேன். கொஞ்சம் குறைந்திருக்கிறது. மீதியைத் தூக்குச்சட்டியில் அள்ளிப் போட்டு மூடிவிட்டு, முறத்தை ஆணியில் மாட்டினேன்.