வாசலோரத்து இடம்

மாம்பெத்தாலிப் பெரியவருக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று கிர்கிஸ்தானில் நாரின் மலைப்பக்கத்து எங்கள் ஊர் முழுக்கப் பேச்சு. விருந்து என்றால் முதல் ஆளாக வந்து எல்லோரையும் சிரிக்க வைத்த மனிதர், கொஞ்ச காலமாக யார் வீட்டுப் படியும் மிதிப்பதில்லை. கூடப் பிறந்த தம்பி செத்து வருஷம் திரும்புகிறது, அந்த விருந்துக்கும் வரமாட்டேன் என்றுவிட்டார். மகன் குபத்துக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை.

நான் ஊர் ஆஸ்பத்திரி நர்ஸ். வயதானவர்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களையே கேளுங்கள் என மேலிடத்து உத்தரவு. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். மருமகள் நுர்கீசா பதில் சொன்னாள். ரத்த அழுத்தம், முட்டி வலி, பசி, தூக்கம், எல்லாம் அவள் வாயாலேயே வந்தது. மரியாதையான பெண்தான். பெரியவரை வாய் திறக்க விடாத மரியாதை. எனக்கு எரிச்சல் வந்து, டீ போடச் சொல்லி அவளை உள்ளே அனுப்பினேன்.

"பெரியப்பா, நீங்க சொல்லுங்க. உங்களால என்ன செய்ய முடிஞ்சா போதும்?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். காது மடல் சிவந்துவிட்டது.

"தம்பி விருந்துல வாசலோரமா ஒக்காரணும் மகளே."

மீதியைப் பிடுங்கிப் பிடுங்கித்தான் வாங்கினேன். சிறுநீர் அடங்குவதில்லை. எங்கள் கிர்கிஸ் வழக்கப்படி மூத்தவரை வாசலுக்கு எதிர்க்கோடியில்தான் உட்கார வைப்போம், இல்லாவிட்டால் விருந்து வைத்தவருக்குக் கேவலம். ஒரு கல்யாணத்தில் அங்கிருந்து எழுந்து, அத்தனை பேர் முட்டியையும் தாண்டி வெளியே போவதற்குள் கால்சட்டை நனைந்துவிட்டது. கோட்டால் மூடிக்கொண்டு, கூட்டம் கலையும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாராம்.

மாத்திரை கொடுத்தேன், கொஞ்சம் மட்டுப்பட்டது. குபத்திடம் நான் சொல்லட்டுமா என்றதற்கு, அதற்குச் சாகலாம் என்றார்.

விருந்தன்று கூடாரத்துக்குள் நுழைந்ததும் வாசலோரமே உட்கார்ந்தார். குபத் பதறிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தான்.

"அப்பா, மானத்த வாங்காதீங்க. அந்தக் கோடிக்கு வாங்க."

இன்னும் இரண்டு பேர் தோளைப் பிடித்தார்கள். இழுக்க இழுக்க அவர் முகம் கறுத்துக்கொண்டே போனது.

"மூத்திரம் நிக்கலடா. விடு."

எல்லோர் காதிலும் விழுந்தது. குபத் கையை விட்டான், அப்பா முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றான்.

எதிர்க்கோடியில் இருந்த சாதிர் கிழவர், இவர் வயதுக்காரர், மெல்ல எழுந்தார். ஒவ்வொரு முட்டியாகத் தாண்டி வாசலுக்கு வந்தார்.

"கொஞ்சம் நகரு," என்றார். "நான் நேத்துலேர்ந்து தண்ணியே குடிக்காம வந்திருக்கேன்."